டிரம்மிலேயே இறுகிப்போன பசை

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் எனக்கு எரிச்சல்தான் வரும். கெமிஸ்ட் என்று சொன்னால் மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டு, இருமலுக்கு என்ன சாப்பிடலாம் என்பார்கள். தொழிற்சாலையில் கெமிஸ்ட் என்றால் சோப்பா, பெயிண்டா என்பார்கள். இரண்டும் இல்லை, அக்ரிலிக் பாலிமர் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். என் கணவரின் அக்கா மட்டும் விடவில்லை. "அதை வெச்சி என்னதான் பண்ணுவாங்க?" என்றார். காருக்கு அடியில் பூசுவார்கள் என்றேன். "காருக்கு அடியில யாரு பாக்கப் போறா?" என்றார்.

யாரும் பார்க்காத அந்த இடத்துக்காக நான் என் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு பிரிக்பீல்ட்ஸில். கணவருக்கு ரயில்வே அலுவலகத்தில் உத்தியோகம். காலையில் பசியாறிவிட்டு நடந்தே போய்விடுவார். எனக்குத் தொழிற்சாலை கிள்ளானில். போகும்போது பஸ்ஸில் பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான் தொல்லை. பாலிமர் செய்ய நாங்கள் பயன்படுத்திய மூலத் திரவங்களான மோனோமர்களில் ஒன்றுக்கு அப்படி ஒரு வாடை. ஒரு சொட்டு சட்டைக்கையில் பட்டாலும் போதும், அழுகிய பழமும் பெயிண்டும் கலந்த மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் உட்காருபவர்கள் பாதி வழியில் சுபாங் ஜெயா வருவதற்குள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்துவிடுவேன்.

காரின் அடிப்பாகத்தில் கல்லும் சேறும் தண்ணீரும் அடித்துத் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கெட்டியான பூச்சு உண்டு. பசையாகத் தெளித்து, சூட்டடுப்புக்குள் அனுப்பினால் ரப்பர் மாதிரி இறுகிக்கொள்ளும். அந்தப் பசைக்குப் பெயர் பிளாஸ்டிசோல். எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தில் பிளாஸ்டிக் மாவைக் கரைக்காமல் கலந்து வைப்பதுதான் அது. சூடு பட்டால் மாவு எண்ணெயைக் குடித்து வீங்கி, எல்லாம் ஒன்றாகிவிடும். பல வருஷமாக பி.வி.சி. மாவில்தான் செய்துகொண்டிருந்தோம். பழைய காரை எரித்தால் அதிலிருந்து அமிலப் புகை வருகிறது, அதனால் அக்ரிலிக் மாவில் வேண்டும் என்று வெளிநாட்டுக் கார்க்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் முதலாளி காதுக்கு அது எட்டியது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் செய்முறையை வாங்கினார். தடித்த புத்தகம் ஒன்று வந்தது. அதை என் மேசையில் வைத்து, "இதுல இருக்கற மாதிரி செய்யி. ஒண்ணும் மாத்தாத," என்றார். அவர் சீனர். என்னோடு ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். நான் சொல்ல வேண்டியதையும் பாதி அவரே சொல்லிவிடுவார்.

புத்தகத்தில் இருந்தபடியே செய்தோம். பெரிய எஃகுக் கலத்தில் தண்ணீரும் சோப்பும் விட்டுச் சூடாக்கி, துடுப்பு சுழல, மோனோமரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட வேண்டும். சோப்பு அதைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரித்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சேர்த்த உப்பு மாதிரியான ஒரு சரக்கு வினையைத் தொடங்கி வைக்கும். சில மணி நேரத்தில் தண்ணீர் பால் போல வெளுத்துவிடும். கலத்தைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் அண்ணே என்பேன். அவர் அதைப் பால் என்றுதான் சொல்வார். சரியாக வராமல் கட்டி தட்டினால் கட்டிப்பால். ரப்பர்த் தோட்டத்தில் கோப்பையில் உறைந்து கிடக்கும் பாலுக்கு அங்கே அதுதான் பெயர். கலத்துக்கு அவர் வைத்த பெயர்கள் பல. எதையும் இங்கே எழுத முடியாது.

பாலைச் சூடான காற்றில் தெளித்துக் காயவைத்தால் மாவு. மாவை எண்ணெயில் கலந்தால் பசை. முதல் பசை அழகாக வந்தது. வழவழவென்று ஓடியது. ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜாடி எடுத்து வைத்து, புத்தகம் சொன்ன கால அளவுக்குத் தினமும் சோதித்தேன். கெட்டியாகவே இல்லை. சோதனை செய்ய வேண்டிய வெப்பநிலை இருபத்து மூன்று டிகிரி என்று புத்தகத்தில் இருந்தது. குளிரூட்டும் ஏர்கோனை முழுவதாகத் திறந்து, கிள்ளானில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நான் அந்தச் சோதனையைச் செய்தேன். அப்போது எனக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

எங்கள் சேல்ஸ் மேனேஜர் ஒரு தமிழர். நல்ல மனிதர்தான். ஆனால் எந்த விஷயத்திலும் சந்தேகம் என்பதே அவருக்கு வராது. சோதனை முடிவதற்கு முன்பே ஷா ஆலமில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் பேசி முடித்துவிட்டார். லோரியில் டிரம்கள் போயின. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு ஒரு காலை அவர் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து, "மேடம், கொஞ்சம் வாங்க. ஷா ஆலம் போயிட்டு வந்துருவோம். சின்ன விஷயம்தான்," என்றார்.

சின்ன விஷயம் அங்கே தரையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. பம்ப், குழாய், தெளிக்கும் துப்பாக்கி எல்லாம். ஒவ்வொன்றின் உள்ளேயும் எங்கள் பசை ரப்பராக இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த மலாய் இஞ்சினியர் மிகவும் மரியாதையானவர். கோபத்தைக் காட்டவே இல்லை. திறந்திருந்த ஒரு டிரம்மின் பக்கம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் ஒரு ஸ்குரூடிரைவர் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"இதை எப்படிப் பம்ப் பண்றது, மேடம்? நீங்களே சொல்லுங்க," என்றார்.

எங்கள் மேனேஜர் டிரம்மைச் சுற்றி வந்தார். "டிரம்மை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஸ்டோர்ல."

"ஸ்டோர்ல ஏர்கோன் இருக்கா?"

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த டிரம்மின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அவருடைய ஆட்களோடு சேர்ந்து குழாய்களிலிருந்து பசையைச் சுரண்டி எடுத்தேன். மேனேஜர் வெளியே போய் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார்.

திரும்பும் வழியில் காரில் மேனேஜரிடம் நான் சொன்னேன். "ஸ்டோர் தகரக் கூரை, சார். மத்தியானத்துல உள்ள போனா மூஞ்சி எரியுது. அந்தச் சூட்டுல மாவு எண்ணெயைக் குடிக்க ஆரம்பிச்சிருது. அடுப்புல நடக்க வேண்டியது டிரம்ல நடக்குது."

"உங்க டெஸ்ட்ல நல்லாதானே இருந்துச்சி?"

"அது ஏர்கோன் ரூம்ல."

"புக்லயும் அப்படித்தானே போட்டிருக்கான். அப்ப அவங்க வெச்சிருந்த முறைதான் தப்பு லா," என்று முடித்துவிட்டார்.

முதலாளியிடமும் இதையே சொன்னேன். அவர் வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி, கூரையைப் பற்றி, லோரியைப் பற்றி எல்லாம் விவரமாக எழுதியிருந்தேன். பதில் சில வரிகளில் வந்தது. தங்கள் பொருள் அறை வெப்பநிலையில் நன்றாக இருக்கும். வாடிக்கையாளர் அதை அறை வெப்பநிலையில்தான் வைக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளவும் என்று.

முதலாளி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அறைலதானே வெச்சிருக்காங்க?"

"ஆமா பாஸ். ஆனா நம்ம அறை."

"அறைன்னா அறைதான்," என்றார்.

 ஊரில் இருக்கிற எல்லோரும் காலையிலிருந்து மாலைவரை என்ன வெயில், என்ன வெயில் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேதான் என்னிடம் அந்தப் பேச்சைப் பேசினார். ஆனால் அந்த வெயில் டிரம்முக்கும் அடிக்கும் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார்கள்.

மேனேஜர் ஒரு யோசனையோடு வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் மீன் ஏற்றும் குளிர்லோரி இருக்கிறது. அதில் பசையை அனுப்பிவிட்டால் சூடே படாது.

"போய் இறங்கின பிறகு?" என்று கேட்டேன்.

"அது அவங்க பாடு, மேடம்."

புதிதாகச் செய்த பசை மீன்லோரியில் போனது. போய்ச் சேர்ந்தபோது குளிரில் விறைத்துப்போய், டிரம்மைக் கவிழ்த்தாலும் இறங்காத நிலையில் இருந்தது. இறங்க வேண்டும் என்று அவர்கள் அதை வெளியே வைத்தார்கள். குளிர் விட்டதும் ஒழுங்காக ஓடியது. பிறகு வழக்கம்போல ஸ்டோரில் இருந்து இறுகிப்போனது. இந்த முறை கூடுதலாக டிரம் முழுக்க மீன் கவுச்சி. இஞ்சினியர் தொலைபேசியில், "மேடம், என் ஆளுங்க டிரம் பக்கத்துல போக மாட்டேங்கறாங்க," என்றார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, வாயால் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்தேன். ஒரே பசையைப் பல ஜாடிகளில் ஊற்றி, பாதியை ஆய்வுக்கூடத்திலும் பாதியை எங்கள் தொழிற்சாலையின் தகரக் கூரை ஸ்டோரிலும் வைத்தேன். கண்ணால் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும். ஆனால் அந்த வாரமே யாரோ பெரிய மனிதர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். ஸ்டோர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட, என் ஜாடிகள் குப்பைக்குப் போயின. மறுபடி வைத்தேன். இந்த முறை 'தொடாதே' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டினேன். ஜாடிகளை யாரும் தொடவில்லை. ஜாடிகள் இருந்த அலமாரியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய், சாப்பாட்டுக் கூடத்தில் ஏர்கோன் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

அன்று மாலை ஜாடிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்துக்கு மேல் தகரக் கூரை. அங்கே ஒரு பழைய மரத்தட்டு. சமையலறையிலிருந்து தள்ளித்தான் இருந்தது. ஜாடிகளை அதில் வரிசையாக வைத்தேன். கணவர் வந்து பார்த்தார்.

"என்னா இது?"

"வேலை சாமான்."

"வாடை வருது."

"எனக்கு வரலையே."

"உனக்கு எப்படி வரும்," என்றார். "நீயே அந்த வாடைதானே."

கோபித்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் இந்தச் சோதனையில் ஒரு சங்கடம் இருந்தது. நண்பகல் சூட்டில் ஜாடிகளைக் கலக்கிப் பார்க்க வேண்டும். அப்போது நான் கிள்ளானில் இருப்பேன். கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருபவர். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் அவரிடமே கேட்டேன். அவர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். அது சம்மதம் என்று அர்த்தம்.

மீ நூடுல்ஸ் சாப்பிடும் குச்சிகளை ஒவ்வொரு ஜாடிக்கும் ஒன்றாகப் போட்டுவைத்து, அவர் தினமும் கலக்கினார். மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அறிக்கை வந்துவிடும். "இன்னிக்கு முதல் போத்தல் கஞ்சி மாதிரி. ரெண்டாவது தோச மாவு. இடது பக்கம் இருக்கறது களி ஆயிருச்சி, குச்சிய எடுக்க முடியல." எரிச்சலோடுதான் சொல்வார். ஆனால் ஒருநாள்கூடத் தவறவில்லை. அவருடைய அக்கா ஒருமுறை வந்திருந்தபோது, "பொண்டாட்டி கூழை எதுக்குடா வெயில்ல வெச்சிக் கிண்டற?" என்று கேட்டிருக்கிறார். "வேலை சாமான்," என்று சொல்லி வேலையைப் பார்த்திருக்கிறார்.

அங்கே வைத்த ஒவ்வொரு ஜாடியும் இறுகியது. அதே பசை ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் போல இருந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். மேனேஜரும் இருந்தார். வீட்டு ஜாடியை முதலாளியின் மேசைக்கு மேலே பிடித்துக் கவிழ்த்தேன். விழவில்லை. குலுக்கினேன். அப்போதும் விழவில்லை. பிறகு ஆய்வுக்கூட ஜாடியைக் கையில் எடுத்தேன்.

"வேணாம், வேணாம். அதைக் கவுக்காத," என்றார் முதலாளி.

"ரெண்டும் ஒரே டிரம் பாஸ். இது இருபத்து மூணு டிகிரி. இது பிரிக்பீல்ட்ஸ்."

அவர் கவிழ்ந்த ஜாடியை வாங்கி, அடியில் தட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப யாரு மேல தப்பு?"

"யார் மேலயும் இல்ல பாஸ். அவங்க ஊருக்குச் செஞ்ச மாவு. நம்ம ஊருக்குச் செய்யணும்."

மேனேஜர் தாடையைத் தடவினார். "நான் அன்னிக்கே நினைச்சேன், பாஸ். சூடுதான் காரணமா இருக்கும்னு," என்றார். எனக்கு அந்த ஜாடியால் அவரை ஒன்று போடலாம் என்று தோன்றியது. அது நன்றாக இறுகியும் இருந்தது.

செய்முறையை மாற்ற அனுமதி கிடைத்தது. ஆனால் பி.வி.சி. வேலை எதுவும் தடைப்படக்கூடாது, கலம் சும்மா இருக்கும் சனிக்கிழமைகளில் மட்டும்தான் என்று நிபந்தனை. சனிக்கிழமை ஆபரேட்டருக்கு அரை நாள் வேலை. முழு நாள் இருக்கச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

மாவின் ஒவ்வொரு பொடித் துகளும் மசாலாக் கடலை மாதிரி. உள்ளே ஒரு பருப்பு, மேலே ஒரு பூச்சு. உள்ளே இருக்கும் அக்ரிலிக்குக்கு எண்ணெய் என்றால் கொள்ளை ஆசை. மேல்பூச்சுக்கு எண்ணெய் அவ்வளவு பிடிக்காது. அதனால் பூச்சு காவல் நிற்கும்வரை பசை பசையாக இருக்கும். அடுப்புச் சூட்டில் பூச்சு இளகி வழிவிடும். நம் வெயிலுக்கு அந்தப் பூச்சு போதவில்லை, அவ்வளவுதான். தடிமனாக்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

தடிமனாக்கினேன். பிரிக்பீல்ட்ஸ் தட்டில் இருந்த ஜாடியில் பசை கெட்டியாகவில்லை. கணவர், "இது இன்னும் தண்ணியாதான் இருக்கு. ஏதாச்சும் கலந்தியா?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பசையைத் தகட்டில் பூசி அடுப்பில் வைத்து எடுத்தேன். நன்றாகத்தான் இறுகியிருந்தது. மறுநாள் வந்து தொட்டால் விரல் வழுக்கியது. குடித்த எண்ணெயைத் தகட்டில் இறுகிய பசை வியர்வை மாதிரி வெளியே தள்ளியிருந்தது. துகளின் தடித்த மேல்பூச்சுக்கு எண்ணெயை உள்ளே பிடித்து வைக்கத் தெரியவில்லை. தகட்டை மடித்தால் பூச்சு மடமடவென்று வெடித்தது.

ஆக, டிரம்மில் நல்லபடியாக இருந்தால் காரில் கெட்டது. காரில் நல்லபடியாக இருந்தால் டிரம்மில் கெட்டது. ஆபரேட்டரிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டு பொண்டாட்டிக்காரன் கத மாதிரி இருக்கு," என்றார்.

அடுத்த வழி துகளையே பெரிதாக்குவது. பெரிய துகளாக இருந்தால் எண்ணெய் உள்ளே ஊற நேரமாகும். அதற்கு ஆரம்பத்தில் சோப்பைக் குறைக்க வேண்டும். சோப்பைக் குறைத்தால் துளிகளைப் பிரித்துப் பிடித்து வைக்க ஆள் இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்தச் சனிக்கிழமைகளில் நாங்கள் செய்த பாலைவிடக் கட்டிப்பால்தான் அதிகம். துடுப்பில், கலத்தின் சுவரில், வெப்பமானியின் குழாயில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. கலத்தை ஆறவைத்து, கழுவி, காற்றோட்டம் விட்டு, மேல் துவாரம் வழியாக நீண்ட கம்பியால் அவர் சுரண்டுவார். நான் கீழே நின்று விளக்குப் பிடிப்பேன்.

"தங்கச்சி," என்பார் மேலிருந்து, "தோட்டத்துல இதுக்கு நல்ல விலை குடுப்பான். இங்க ஏன் கிடைக்க மாட்டேங்குது?"

"சுரண்டுங்கண்ணே."

"கேட்டேன் லா."

ஒருநாள் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. சோப்பை ஒரேயடியாகக் குறைக்காமல், தொடக்கத்தில் கொஞ்சமாகவும் பிறகு மோனோமரோடு சேர்த்துச் சிறிது சிறிதாகவும் விட்டுப் பார்த்தோம். மேல்பூச்சைப் பழைய தடிமனுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வைத்து, எண்ணெயை விரட்டும் ஓர் அமில வகை மோனோமரைச் சிறிதளவு சேர்த்திருந்தேன். பால் நீலம் ஓடிய வெள்ளையாக, கட்டி இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. ஆபரேட்டர் அண்ணன்கூட அன்று கலத்தைத் திட்டவில்லை. மதியம் வானம் இருண்டு, கிள்ளானுக்கே உரிய அந்த இடி ஒன்று விழுந்தது. மின்சாரம் போனது. துடுப்பு நின்றது.

அண்ணன் மோனோமர்க் குழாயை அடைக்க ஓடினார். நான் குளிர்நீர்க் குழாயை முழுவதாகத் திறந்தேன். ஜெனரேட்டர் இருந்தது. அதற்கு டீசல் ஊற்ற வேண்டியது யார் பொறுப்பு என்பதில் இரண்டு பிரிவுக்கு இடையே பல மாதமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் இடி விழுந்துவிட்டது. ஆபத்து ஒன்றும் ஆகவில்லை. கலம் மெதுவாக ஆறியது. ஆனால் மின்சாரம் வந்து துடுப்பைப் போட்டபோது அது அசையவில்லை. கலத்தில் இருந்தது மொத்தமும் ஒரே கட்டிப்பால்.

அண்ணன் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அதற்கும் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். வெளியே மழை கொட்டியது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணன் ஆறுதல் சொல்வார், அது இன்னும் மோசமாக இருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். அவர் சட்டைப்பையில் இருந்து ஹேக்ஸ் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"திங்கக்கிழம நான் லீவு," என்றார். "சுரண்டறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

திங்கட்கிழமை வந்து அவர்தான் சுரண்டினார். என்னோடு மட்டும் பேசவில்லை. முதலாளியிடம் போய் நான் ஜெனரேட்டர் பற்றிச் சத்தம் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறை ஒரு முதலாளியிடம் சத்தம் போட்டது அன்றுதான். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. இரண்டு பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டு, தன் டிரைவரையே அனுப்பி டீசல் வாங்கி ஊற்றச் சொன்னார்.

அதே செய்முறையை மறுபடி செய்தோம். அன்று மழை இல்லை, இடி இல்லை. பால் வடிகட்டியில் கட்டி விழாமல் இறங்கியது. ஜாடி வீட்டுக்குப் போனது. தொடர்ந்து நல்ல வெயில். கணவரின் அறிக்கை ஒரே மாதிரி இருந்தது: "தண்ணி." மறுநாளும் "தண்ணி." கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், "இது இனிமே கெட்டியாகாது. எடுத்துட்டுப் போ," என்றார். தகட்டில் பூசி அடுப்பில் வைத்து எடுத்து, மறுநாள் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. மடித்தேன். வெடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லாததால் அந்தத் தகட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய் அண்ணனிடம் காட்டினேன். வாங்கி, முன்னும் பின்னும் பல தடவை மடித்துப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். பேச ஆரம்பித்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஷா ஆலமுக்கு இந்த முறை நானே லோரியோடு போனேன். டிரம்களை அவர்களுடைய ஸ்டோரிலேயே, கூரைக்கு அடியில் இருந்த மிகச் சூடான மூலையிலேயே வைக்கச் சொன்னேன். இஞ்சினியர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அங்கயா, மேடம்? நிச்சயமா?" அங்கேதான் என்றேன். கடைசி டிரம் காலியாகும்வரை அங்கேயே வைத்து அவற்றை அவர் பயன்படுத்தினார். பம்ப் அடைக்கவில்லை. அதைச் சொல்ல அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு, மீன் வாடை மட்டும் ஸ்டோரில் இன்னும் போகவில்லை என்றார்.

முதலாளி எல்லோருக்கும் விருந்து கொடுத்தார். மேனேஜர் எழுந்து நின்று, வாடிக்கையாளரின் நிலைமையைப் புரிந்துகொண்டு நடந்தது எங்கள் குழு என்று பேசினார். குளிர்லோரியைப் பற்றி அவர் குறிப்பிடவில்லை. அண்ணன் என் காதருகில் சாய்ந்து, "சாப்புடு தங்கச்சி. அவரு இப்ப முடிக்க மாட்டாரு," என்றார்.

செய்முறையை எங்களுக்கு விற்ற கம்பெனி எங்கள் மாவின் மாதிரியையும் என் குறிப்புகளையும் கேட்டு வாங்கிக்கொண்டது. கொஞ்ச காலத்தில் அவர்கள் புத்தகத்தைத் திருத்தி அனுப்பினார்கள். வெப்பமண்டல நாடுகளுக்கு என்று ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்திருந்தது. சோப்பை எப்படிப் பிரித்து விடுவது, பூச்சு எவ்வளவு, அமில மோனோமர் எவ்வளவு, எல்லாம் நான் அனுப்பியதுதான். தங்கள் ஆய்வாளர்கள் கண்டறிந்தது என்று எழுதியிருந்தார்கள். நான் அதை முதலாளியிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, அவங்களும் ஒத்துக்கிட்டாங்க," என்று சந்தோஷப்பட்டார்.  வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர்தான் உண்மையாகக் கோபப்பட்டார். "கலக்கினது நானு," என்றார்.

வேலை ஒழுங்காக ஓடியது. அக்ரிலிக் பசைக்கு வேறு வாடிக்கையாளர்களும் வந்தார்கள். சனிக்கிழமை வேலை நின்றது. நான் ஸ்வெட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சோதனைகளை முப்பத்தைந்து டிகிரியில் செய்ய ஒரு சூட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டேன்.

மறு வருஷம் ஒரு மத்தியானம் ஷா ஆலம் இஞ்சினியர் கூப்பிட்டார். குரலில் அதே மரியாதை. பசையைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொன்னார். அதைக் கேட்டதுமே நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன்.

"மேடம், எங்க மேலிடத்துல கரண்டு செலவைக் குறைக்கச் சொல்றாங்க. அடுப்புச் சூட்டை இருபது டிகிரி கம்மி பண்ணப் போறோம். உங்க பசை கம்மிச் சூட்டுல இறுகணும். ஆனா ஸ்டோர்ல மட்டும் இறுகக்கூடாது. முடியும்தானே?"

 கீழே அண்ணன் கலத்தின் பக்கத்தில் நின்று ஏதோ ஒரு பழைய பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"உங்களுக்கு எப்ப வேணும்?" என்று கேட்டேன்.

"சேல்ஸ் மேனேஜர்கிட்ட பேசியாச்சி, மேடம். அடுத்த மாசம் குடுக்கறதா சொல்லியிருக்காரு."

தொலைபேசியை வைத்துவிட்டு மேனேஜரைத் தேடிக்கொண்டு போனேன். அவர் வெளியூர் போயிருந்தார்.